பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை: விடுவதா, பூசுவதா, கழற்றுவதா?

"மாடியில ஷீட் போட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. கேன்சர் வரும்னு சொல்றாங்க. மாத்திடலாமா, இல்ல மேல பெயிண்ட் அடிச்சா போதுமா?"

கோடை நெருங்கினால் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். சிலர் ஏற்கெனவே வெல்டரிடம் பேசி முடித்திருப்பார்கள். அவர் சொன்ன ரேட் நியாயமா என்று மட்டும்தான் கேட்பார்கள். ரேட்டுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த வேலையில் பழைய ஷீட்டை எத்தனை தடவை துளைக்க, அறுக்க, தேய்க்க, உடைக்க வேண்டியிருக்கும்?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விஷயத்தில் ஆபத்து கூரையாக நிற்கும் நாட்களில் குறைவு, அதன் மேல் கருவி படும் அரை மணி நேரத்தில் அதிகம். ஆகவே தொடாமலே விட்டுவிட வேண்டும். தொடுவதானால் ஒரே தடவையில் முழுதாகக் கழற்றி இறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழிகள்தான் மலிவாகத் தெரிகின்றன, அவற்றில்தான் தூசி அதிகம். இந்தக் கட்டுரையின் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகிறது.

## முதலில் நோய்

ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் பயப்படும் பலருக்கு எதற்குப் பயப்படுகிறோம் என்பது தெளிவாக இல்லை. ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். அதன் தூசி நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். நுரையீரலைத் தழும்பேறி விறைக்க வைக்கும் ஆஸ்பெஸ்டோசிஸைக் கொண்டுவரும். மீசோதெலியோமா இவற்றிலிருந்து வேறானது. நுரையீரலைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் அது. வயிற்றுக்குள் குடலைப் போர்த்திய உறையிலும் வரலாம், ஆனால் குறைவு. மற்றபடி அரிதான இந்த நோய் எங்கே கூட்டமாக வருகிறதோ அங்கே கல்நாரைத் தேடு என்று சொல்லும் அளவுக்கு இரண்டுக்கும் நெருக்கம்.

கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனால் உடலால் அதைக் கரைக்க முடியாது. விழுங்க வரும் பாதுகாப்பு அணுக்கள் நீளமான இழையிடம் தோற்றுப்போய், அந்த இடத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். தூசி பட்டதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடும். அறுபத்தைந்து வயதில் மூச்சு வாங்குகிறவர் இருபத்தைந்தில் எங்கே வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால்தான் முடிச்சு அவிழும்.

இந்த முடிச்சை முதலில் அழுத்தமாக அவிழ்த்தது 1960-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் என்ற மூவர் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கிம்பர்லியில் காசநோய் மருத்துவராக இருந்த ஸ்லெக்ஸின் கவனத்தில் பட்டது ஒரு வினோதம்: நெஞ்சில் நீர் கோத்து வந்த சிலருக்குக் காசநோய் மருந்து வேலை செய்யவில்லை, அவர்கள் நீலக் கல்நார் (கல்நாரில் ஒரு வகை) சுரங்கங்கள் இருந்த பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளிகளே இல்லை. சிறு வயதில் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள். நெஞ்சில் நீர் என்றால் முதலில் டிபி என்று நினைக்கும் நம் ஊரில் இது இன்றும் நினைவில் வைக்க வேண்டிய தகவல். நினைப்பதில் தப்பில்லை, இங்கே டிபிதான் அதிகம். மருந்து கொடுத்தும் நீர் மறுபடி மறுபடி சேர்ந்தால், உறையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய வேலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்: கொத்து வேலை, ஷீட் ஃபிட்டிங், பிரேக் லைனிங், கப்பல் உடைப்பு, பாய்லர் லேகிங் (பாய்லருக்கு வெப்பக் காப்பு சுற்றுவது) எதுவானாலும்.

1965-ல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் இருவரின் ஆய்வு வந்தது. அங்கே தொழிற்சாலைக்குள் காலே வைக்காத பெண்களும் நோயாளிகள். கல்நார் ஆலைக்குப் போய்வந்தவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், தூசி படிந்த வேலைத் துணியைத் துவைத்தவர்கள். ஆலைக்கு அரை மைல் சுற்றளவில் குடியிருந்தவர்களும் பட்டியலில் இருந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஷீட் வீட்டில் வளர்ந்தவர்கள் சிடி ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். நல்ல நிலையிலுள்ள கூரைக்குக் கீழே தூங்கியவரின் ஆபத்தும், பத்து வருஷம் ஷீட் அறுத்தவரின் ஆபத்தும் ஒன்றல்ல. அறிகுறி இல்லாதவர்களிடம் மீசோதெலியோமாவை முன்கூட்டிக் கண்டுபிடித்து உயிரைக் காக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சோதனை எதுவும் இல்லை. புகை பிடிப்பவராக இருந்தால் நிறுத்துங்கள்: மீசோதெலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை, ஆனால் கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகிறது.

மீசோதெலியோமாவுக்குச் சிகிச்சை முன்னேறியிருக்கிறது, போதுமான அளவுக்கு இல்லை. அறுவை சிகிச்சைக்கு இடமில்லாதவர்களிடம் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் இடைநிலை ஆயுட்காலம் 18.1 மாதம், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 14.1 மாதம். தடுக்க முடிந்த இடத்தில் தடுப்பதுதான் லாபம் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை தடவை தொடுகிறோம். நம் ஷீட்டில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்நார், எடையில் 8 முதல் 10 விழுக்காடு. மிச்சம் சிமெண்ட், சாம்பல். சிமெண்ட் பிடித்திருக்கும் வரை இழை வெளியே வராது. கட்டிங் மிஷின் வைத்தால் அந்தப் பிடி போய்விடும். வெள்ளை வகை பாதுகாப்பானது என்று ஷீட் தொழில்துறை சொல்லும். மீசோதெலியோமாவைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் அதைவிடக் கொடியவை என்பது உண்மை. ஆனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. இதற்குக் கீழே பயமில்லை என்று ஓர் அளவை யாரும் காட்டவில்லை.

ஷீட் இன்று எப்படி இருக்கிறது. பக்கத்து மாடியில் நின்று மொபைல் கேமராவை ஜூம் செய்து பாருங்கள். மேலே ஏற வேண்டாம். விளிம்பு நொறுங்கியிருக்கிறதா, போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசலா, பாசி பிடித்து மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கிறதா, மழைநீர்க் குழாய் வாயில் சாம்பல் நிறச் சேறு சேர்ந்திருக்கிறதா? அந்தச் சேறு ஷீட்டின் தோல்தான். காய்ந்த பிறகு விளக்குமாற்றால் பெருக்கினால் காற்றில் எழும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள். முதல் தடவை தூசி பட்டதிலிருந்து ஆண்டுகள் கூடக்கூட மீசோதெலியோமா ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு முன்னால் எழுபது ஆண்டுகள் இருக்கின்றன, தாத்தாவுக்கு இல்லை. ஒரே தூசி, இருவருக்கும் வேறு கணக்கு. வயதான தம்பதி மட்டும் இருக்கும் உறுதியான கூரையையும், பிள்ளைகள் ஓடியாடும் நொறுங்கிய கூரையையும் ஒரே விதமாகப் பார்க்கக் கூடாது.

மேலே ஏறுகிறவர். கேன்சருக்கு முப்பது வருஷம் ஆகும், கூரையிலிருந்து விழ ஒரு நொடி போதும். பழைய ஷீட் ஆளைத் தாங்காது. காலடியில் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். கூரை வேலையில் நடக்கும் சாவுகளில் இது பழைய, பரிச்சயமான காரணம். பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேலேயே நடந்துவிடலாம் என்பார்கள். நம்பாதீர்கள், பலகை போட்டு, கயிறு கட்டி வேலை செய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

அடியில் இருக்கும் கம்பி வேலை. ஒரு சதுர மீட்டர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏறக்குறைய 13, 14 கிலோ. மங்களூர் ஓடு 40 கிலோவைத் தொடும். உலோக ஷீட் 5 கிலோவுக்குள். காங்கிரீட் தளம் 300 கிலோ. எது ஏறும், எது ஏறாது என்பதை உங்கள் ட்ரஸ்ஸும் (கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டகம்) சுவரும்தான் முடிவு செய்யும்.

கழித்தது எங்கே போகும். எஸ்டிமேட்டில் வராத வரி இது. கடைசியில் தனியாகப் பேசுவோம்.

| வழி | ஷீட்டைத் தொடுவது | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| அப்படியே விடுதல் | இல்லை | ஆண்டுதோறும் கண்காணிப்பு. புயல் ஆபத்து | உறுதியான ஷீட், சின்ன வீடு, மேலே யாரும் ஏறாத இடம் |
| மேலே பூசுதல் | தேய்த்தால் அதிகம், தெளித்தால் குறைவு | சில ஆண்டுக்கொரு முறை மறுபூச்சு. ஒவ்வொன்றுக்கும் ஆள் ஏற வேண்டும் | உடையாத, லேசாகத் தேய்ந்த ஷீட் |
| உடைந்ததை மட்டும் மாற்றுதல் | திரும்பத் திரும்ப | பக்கத்து ஷீட்டும் உடையும் | அவசரத்துக்கு மட்டும் |
| மேலே இன்னொரு கூரை | துளை போட்டால் அதிகம் | பின்னாளில் இரண்டையும் கழற்றணும் | தனித் தூண், தனி ட்ரஸ் போட முடிந்த இடம் |
| முழுதாகக் கழற்றி மாற்றுதல் | ஒரே தடவை, ஆனால் முழுமையாக | கழிவு, கூலி, வீட்டைக் காலி செய்யும் நாட்கள் | நொறுங்கியது, குழந்தைகள் உள்ள வீடு, எப்படியும் மராமத்து வரும் வீடு |

## அப்படியே விடுதல்

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். உடையாத ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் நல்ல நிலையில் இருந்தால் தொந்தரவு செய்யாமல் விடுங்கள் என்பதுதான் 1999-ல் கல்நாரை முழுமையாகத் தடை செய்த பிரிட்டனிலேயே வழிகாட்டுதல். ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதெலியோமாவில் சாகும் நாடு அது. அலட்சியமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடுவது என்றால் நிஜமாகவே விடுவது. ஃபேன் மாட்ட ஷீட்டில் கொக்கி போடக் கூடாது. கேபிள்காரர் ட்ரில் போட வரக் கூடாது. வாட்டர் வாஷ் பம்ப் வைத்துப் பாசியைக் கழுவக் கூடாது. அந்த அழுத்தம் பாசியோடு ஷீட்டின் தோலையும் உரித்து, அக்கம்பக்கச் சுவரெல்லாம் தெளித்துவிடும். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது உள்பக்கத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தேய்க்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வெயில் தாங்கவில்லையா? ஷீட்டைத் தொடாமல் கீழே தனிச் சட்டம் கட்டி ஃபால்ஸ் சீலிங் போடலாம். போட்ட பிறகு மேலே எலி ஓடினால் போய்ப் பார்க்க முடியாது என்பது அதன் தொல்லை.

இந்த வழிக்கு ஒரு பெரிய எதிரி உண்டு, கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூரையும், 2018 நவம்பரில் ‘கஜா’ புயல் வேதாரண்யம் பக்கத்தையும் அடித்தபோது ஓடுகளும் ஷீட்டுகளும் பறந்ததைப் பார்த்தவர்கள், விட்டுவைப்பது என்பது புயல் வரும் வரைதான் என்று சொல்வார்கள். உடைந்த துண்டுகளை வெறும் கையால் பொறுக்கி, காய்ந்ததும் கூட்டி, அதே தெருவில் குவித்தோம். டெல்டாவிலும் கடலோரத்திலும் இருக்கும் பழைய கூரைக்கு ‘விடுதல்’ என்ற வழிக்கு நான் மதிப்பெண் குறைத்துத்தான் போடுவேன்.

## மேலே பூசுதல்

வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தால் வீடு குளிரும், இழையும் அடங்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று விற்கிறார்கள். குளிர்வது உண்மை. அடங்குவது, எப்படி அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எந்தப் பெயிண்டரும் பாசியும் புழுதியும் இருக்கும் பரப்பில் நேராக அடிக்க மாட்டார். முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். கேன்சருக்குப் பயந்து ஆரம்பித்த வேலையில் மிக மோசமான தூசி அந்தத் தேய்ப்பில்தான் எழுகிறது. கீழே குடும்பம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்.

பூசுவதானால் தேய்க்காமல், பூஞ்சை கொல்லி மருந்தைக் குறைந்த அழுத்தத்தில் தெளித்து, காய விட்டு, ஊடுருவும் பிரைமரையும் மேல்பூச்சையும் தெளிப்பானாலேயே போடும் ஆள் வேண்டும். நம் ஊரில் அப்படிச் செய்பவர் எளிதில் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் பூச்சு சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும், உரியும்போது ஷீட்டின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு வரும். பிறகு மறுபடி ஆள், மறுபடி ஏணி.

ஐந்தாறு வருஷத்தில் இடித்துக் கட்டப் போகிற வீட்டுக்கு, அதுவரை காலம் தள்ள இது பரவாயில்லை. நிரந்தரத் தீர்வாக எண்ணிப் பணம் போடாதீர்கள்.

## உடைந்ததை மட்டும் மாற்றுதல்

நம்மில் பெரும்பாலானோர் செய்வது இதுதான். தேங்காய் விழுந்து ஒரு ஷீட் போனால், கடையில் ஒன்று வாங்கி வந்து செருகுவோம். செலவு குறைவு, அரை நாள் வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடைந்ததை எடுக்க ஒட்டியிருக்கும் இரண்டு ஷீட்டின் போல்ட்டையும் தளர்த்த வேண்டும். துருப்பிடித்த ஜே போல்ட் கழலாது, ஓட்டையைச் சுற்றி உடைப்பார்கள். புது ஷீட்டை நீளத்துக்கு அறுக்க வேண்டும், மூலையை வெட்ட வேண்டும், துளை போட வேண்டும். எல்லாமே வீட்டு வாசலில், கட்டிங் மிஷினில், தண்ணீர் ஊற்றாமல். அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து ஷீட் ஒழுகும். இருபது ஆண்டில் இப்படி ஏழெட்டு தடவை நடந்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் தூசி கொஞ்சம்தான், ஆனால் அதே வாசல், அதே குழந்தைகள். ஷீட் மாற்ற வந்த அந்தத் தொழிலாளிக்கோ தினம் ஒரு வாசல்.

புது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கடையில் கிடைக்கிறதே, ஆபத்தென்றால் அரசு விடுமா என்பார்கள். இந்தியாவில் கல்நார் தோண்ட 1986-க்குப் பிறகு புதிய குத்தகை கொடுப்பதில்லை. இறக்குமதி செய்து ஷீட் செய்வதற்குத் தடையில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்து, அவர்களின் மருத்துவப் பதிவுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் காக்கச் சொன்னது. நாற்பதாண்டு கழித்து வரும் நோய் என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. பொருள் மட்டும் விற்பனையில் இருக்கிறது.

தடை என்பது மருத்துவம் மட்டும் முடிவு செய்கிற காரியமும் இல்லை. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். நீலக் கல்நாரை 1987-லேயே தடுத்துவிட்டார்கள். வெள்ளையையும் 2018 முதல் நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2017 டிசம்பரில் ரஷ்யா, ஒரு சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. வெள்ளைக் கல்நாரை உலகுக்கு அதிகம் விற்பதும் ரஷ்யாதான். இலங்கை கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது, தேயிலை மறுபடி கப்பலேறியது. கடையில் கிடைப்பதை வைத்துப் பாதுகாப்பை அளக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மழை நாளில் ஒழுகல் தாங்காது என்றால் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு, கோடையில் முழு முடிவு எடுங்கள்.

## மேலே இன்னொரு கூரை

பழைய ஷீட்டைக் கழற்றாமல் மேலேயே கலர் ஷீட் போட்டுவிடலாம் என்று சில ஃபேப்ரிகேட்டர்கள் சொல்வார்கள். கழற்றும் கூலியும் கழிவுத் தலைவலியும் மிச்சம் என்பது சரி. ஆனால் பழைய ஷீட் வழியாக நீள ஸ்க்ரூ இறக்கிப் பொருத்தினால் நூற்றுக்கணக்கில் துளை போடுகிறோம். தூசி கீழே அறைக்குள் கொட்டுகிறது. தனித் தூண் நட்டு, பழையதைத் தொடாமல் அதற்கு மேலே தனி ட்ரஸ் நிறுத்தினால்தான் இது அர்த்தமுள்ள வழி. மொட்டை மாடி அறைகளுக்கு அப்படிச் செய்ய முடியும். இரண்டு கூரைக்கும் நடுவில் காற்றோடுவதால் வெயிலும் குறையும். வரிசை வீடுகளில் தூண் நட இடமே இருக்காது.

## கழற்றி மாற்றுதல்

நொறுங்கத் தொடங்கிய கூரைக்கு இதுதான் வழி. செலவு அதிகம் என்பதை விட, ஒரு நாளில் மொத்தத் தூசியையும் எழுப்பிவிடும் சாத்தியம் உள்ள வழி என்பதை முதலில் சொல்ல வேண்டும். சம்மட்டியால் உடைத்துக் கீழே தள்ளுகிறவரிடம் இந்த வேலையைக் கொடுப்பதற்குப் பதில் அப்படியே விட்டுவிடலாம்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இழை பறக்காதா? ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசியில் காற்றடங்கிய காலை நேரம் தோது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாமான்களை வெளியேற்றுங்கள், முடியாததைப் பாலிதீன் ஷீட்டால் மூடுங்கள்.

ஷீட்டை முழுக்க நனைக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளித்தால் நன்றாக ஊறும்; வேகமாகப் பீய்ச்சக் கூடாது. ஆனால் நனைந்த ஷீட் வழுக்கும், ஆகவே முடிந்தவரை கீழேயிருந்து சாரம் கட்டி வேலை செய்வது நல்லது. போல்ட்டைக் கட்டரால் வெட்டி, ஷீட்டை முழுசாகத் தூக்கி, இருவர் பிடித்து இறக்க வேண்டும். எறியக் கூடாது. துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது. எஃப்எஃப்பி3 அல்லது பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கூலியில் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். கூடாது. அது உங்கள் கூரை.

முடிந்ததும் காய்ந்த துடைப்பம் வேண்டாம், வீட்டு வேக்வம் கிளீனரும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் கழிவோடு கட்டுங்கள். வேலையாட்கள் அங்கேயே குளித்து உடை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். லண்டன் ஆய்வில் துணி துவைத்த பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

### பதிலுக்கு என்ன போடுவது

*கலர் ஷீட்.* லேசானது, சீக்கிரம் முடியும், இன்று பெரும்பாலோர் போவது இதற்குத்தான். வெறும் ஷீட் மதியத்தில் அடுப்பாகும், மழையில் பேசுவது கேட்காது. அடியில் இன்சுலேஷன் சேர்த்தே விலை கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு 1.4 மீட்டர் வரை இடைவெளி விட்டு பர்லின் போட்டிருப்பார்கள். மெல்லிய உலோக ஷீட்டுக்கு நடுவில் கூடுதல் பர்லின் வெல்டிங் வரலாம், இது முதல் எஸ்டிமேட்டில் இருக்காது. லேசானது என்பதால் புயல் தூக்கும், கடலோரத்தில் விளிம்புகளின் ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் அறுத்த விளிம்பு முதலில் துருவேறும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஆஸ்பெஸ்டாஸைக் கைவிட மனம் வராததற்கு இந்தத் துருதான் காரணம், அதில் நியாயமும் உண்டு.

*கல்நார் இல்லாத ஃபைபர் சிமெண்ட் ஷீட்.* பார்க்க அப்படியே பழைய ஷீட் மாதிரி இருக்கும், எடையும் கிட்டத்தட்ட அதேதான், பழைய பர்லினே போதும். துருவும் கிடையாது. கடலோரத்துக்கு என் முதல் சிபாரிசு இது. விலை கூடுதல், சின்ன ஊர்க் கடையில் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். ‘சிமெண்ட் ஷீட்’ என்று கேட்டால் கடைக்காரர் கல்நார் ஷீட்டையே எடுத்துக் கொடுப்பார். ஷீட்டில் அச்சிட்ட ஐஎஸ் எண்ணைப் பாருங்கள்: 459 என்றால் ஆஸ்பெஸ்டாஸ், 14871 என்றால் மற்றது. இதையும் காய்ந்தபடி அறுக்கக் கூடாது. சிமெண்டுக்குள் இருக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குத் தனிக் கேடு.

*ஓடு.* ட்ரஸ் தாங்கினால் வீட்டுக்கு இதைவிட இதமான கூரை இல்லை. மரச்சட்டமும் குரங்குத் தொல்லையும் உள்ள ஊர்க்காரர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

*யூபிவிசி, பஃப் பேனல்.* முன்னது துருவேறாது, சத்தம் குறைவு. பின்னது வெயிலை நன்றாகத் தடுக்கும். முன்னது பிளாஸ்டிக், பின்னதில் உலோகத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நுரை; தீப்பிடித்தால் புகை மோசம். கும்பகோணத்தில் 2004-ல் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போன பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்றை இறக்கினோம். எரியாத கூரை வேண்டும் என்று ஷீட்டைத் தேடியதற்கு அப்படி ஒரு காரணம் இருந்தது. சமையலறைக்கு மேல் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

*காங்கிரீட்.* சுவரும் அஸ்திவாரமும் தாங்கும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

## கழற்றிய ஷீட் எங்கே போகிறது

நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலும் கோழிக்கூண்டுக்கும், கொல்லைப்புறக் கழிவறைக்கும், தெருமுனைக்கும். உடைந்ததைப் பள்ளத்தில் கொட்டி மேலே மண் போட்டு வாசல் மேடாக்குகிறவர்களும் உண்டு.

இத்தாலியில் கசாலே மொன்ஃபெராட்டோ என்ற ஊரில் 1907 முதல் 1986 வரை எடர்னிட் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஆலை ஓடியது. அங்கே கழிவுத் தூளை ஊர்க்காரர்கள் பரணில் பரப்பினார்கள், முற்றத்தில் கொட்டி நிரவினார்கள். ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும், ஆலைக்கே போகாதவர்களுக்கு அங்கே மீசோதெலியோமா வந்துகொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் ஹோர் என்ற ஊரிலும் ஆலைக் கழிவைச் சாலைக்கும் முற்றத்துக்கும் போட்டு இதே விளைவு. நொறுங்கி மண்ணோடு கலந்த கழிவை, ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு வண்டிச் சக்கரமும் மறுபடி தூளாக்கும்.

கல்நார்க் கழிவு சட்டப்படி அபாயக் கழிவு. தமிழ்நாட்டில் அதைப் புதைக்கும் வசதி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து அமைந்தது. திருவாரூரில் பத்து ஷீட் கழற்றியவரிடம் வந்து வாங்கிப் போக ஒரு வண்டியும் இல்லை. அரசு மாற்ற வேண்டியது இந்த இடத்தைத்தான். அதுவரை நீங்கள் செய்யக் கூடியது: ஷீட்டை உடைக்காமல், தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, ‘கல்நார்’ என்று எழுதுங்கள். உள்ளாட்சியிடமும் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை வெயில் மழை படாத, பிள்ளைகள் போகாத மூலையில் படுக்கை வசமாக அடுக்கி வையுங்கள். காயலான் கடைக்குப் போட்டால் அடுத்த வாரமே யாரோ ஒருவர் வீட்டில் அறுபடும்.

## வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

கூரை உங்களுடையதில்லை, மூச்சு உங்களுடையது. ஓனரிடம் "மாத்துங்க" என்று கேட்டால் பெரும்பாலும் பெயிண்டர் வருவார், கம்பி பிரஷ்ஷோடு. அதற்குப் பதில் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசி வையுங்கள்: எந்த வேலையானாலும் இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும், நீங்கள் வீட்டில் இல்லாத நாளில், நனைத்துத்தான் செய்ய வேண்டும். ஷீட் நொறுங்கி உள்ளே தூள் விழும் அறை என்றால், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், பேச்சை வளர்க்காமல் வேறு வீடு பார்ப்பது மலிவு.